ஒரு பெயர், இரண்டு களஞ்சியம்

மகள் ஸம்ஸியாவுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உன் மூட்டுவலி குறைந்ததா? கத்தாரில் உன் மகள் அப்னாவும், அவளுக்குச் சமைத்துப்போடும் நானும் சுகம்.

அவளின் கம்பனி வேலையில் ஒரு சின்னச் சிக்கல். மென்பொருள் பொதிகளுக்கு முன்னால் குடும்பப்பெயர் போல ஒரு பெயர் இருக்குமாம். ஒரே பெயரில் சில பொதிகள் கம்பனியின் பூட்டிய களஞ்சியத்திலும், மற்றவை வெளியே பொதுக் களஞ்சியத்திலும் இருக்கின்றன. கணினியோ ஒரு பெயரை ஒரு களஞ்சியத்தில்தான் தேடும். இரண்டிலிருந்தும் எடுக்க வை என்பது மனேஜரின் கட்டளை.

"வெளியில உள்ளத உள்ளுக்குக் கொண்டு வாவன், புள்ள" என்றேன்.

"உள்ளுக்குள்ள களஞ்சியம் பழசு, உம்மும்மா. அது ஏற்காது. ஒண்டும் செய்ய ஏலா."

எனக்கே விளங்கிவிட்டது, அவளின் மனேஜருக்கு விளங்கவில்லை. வியாழனுக்குள் முடிக்காவிட்டால் வேலை போய்விடும் என்கிறாராம்.

அங்கே நம் வீட்டில் அவளின் அறையில் அடுக்கிய நெல்மூட்டைகளை எடுத்துவிடு. யாரும் கேட்டால் லீவில் வருகிறோம் என்று சொல்.

வஸ்ஸலாம்,
உம்மா