ஆளுக்கொரு கதவு

கிளாரி,

கங்காரு வாலைச் சாம்பலில் புதைத்திருக்கிறேன். வேகும்வரை கிளறாதே.

நேற்று கிளினிக்கில் நடந்தது எனக்கு முதலில் ஒன்றுமே புரியவில்லை. நம் பழங்குடி ஆட்களுக்கு ஐம்பது வயதிலேயே நிமோனியா ஊசி போடணும் என்றுதானே உன்னைக் கூட்டிப் போனேன்? புது நர்ஸ் உள்ளே வந்ததும் நீ முன்கதவு வழியாக ஓடினாய். அவளோ ஊசியை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாக ஓடினாள். நடுவில் நின்று, "ஊசிக்குப் பயந்து ஓடுறான் பாரு, ஆம்பள!" என்று நான் ஊர் கேட்கக் கத்தினேன். அவளையும் திட்டினேன்.

இன்று காலை அம்மா போனில் சிரிக்கிறாள். "அவ எனக்குத் தங்கச்சி முறைடீ. உன் புருஷனுக்கு மாமியார். நம்ம வழக்கத்துல மாமியாரும் மருமகனும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கலாமா?"

உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? தெரிந்தும் ஏனய்யா வாயைத் திறக்கவில்லை?

சாயங்காலம் அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். பள்ளியில் போட்டபோது நம் மகள் டனிஷாவுக்கு விட்டுப்போன மூளைக்காய்ச்சல் ஊசிக்காக. கார் சத்தம் கேட்டதும் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய்விடு. வாலில் பாதி அவளுக்கு. நான் திட்டியதற்கு.

புதன்கிழமை ஆண் நர்ஸ் ஒருவர் வருகிறாராம். உனக்கு அவர் போடட்டும்.

நெரிடா

பி.கு.: நான் போட்ட சத்தத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. எனக்கும் ஐம்பதுதான். நானும் போடாமல்தான் நழுவி வந்தேன். புதன்கிழமை என் கையைப் பிடித்துக்கொள். வெளியே சொன்னால் தெரியும் சேதி.