குடைதான் காணாமல் போகும்

அன்புள்ள வக்கீலம்மாவுக்கு,

தூதர் அம்மா என்று எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, மன்னித்துக்கொள். நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருக்கிறது. உன் உலக அவையைப் போலவே அங்கும் ஒரு முடிவும் வந்தபாடில்லை. நீ எப்படி இருக்கிறாய்? அந்தக் குளிர் உன் காதுக்கு ஒத்துக்கொள்கிறதா?

போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன். நாம் பேசும்போது மூன்றாவதாக ஒருவர் இருமுகிறார் என்று நீதானே சொன்னாய். எதிர்வீட்டு டாக்டரின் மகள் ஏதோ மாநாட்டுக்காக அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ அவையில் பேசியதை எங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டதே, அதில் ஒரு சொல் நீ சொன்னதல்ல. நான் போட்டது.

உன் பேச்சு என் மேசைக்கு வந்தபோது சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துகிறவன் நான். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் எனக்குச் சோறு இறங்காது. மூன்றாம் பத்தியில் 'காணாமல் போனவர்கள்' என்று இருந்தது. பேனா நின்றுவிட்டது. பிறகு அதை அடித்துவிட்டு ஓரத்தில் 'கொண்டுபோகப்பட்டவர்கள்' என்று எழுதினேன். கை தானாக எழுதிவிட்டது என்று சொல்லலாம்தான். வக்கீலிடம் அந்தக் கதை எடுபடாது.

அது யார் தந்த சொல் என்று உனக்கு மறந்திருக்காது. அப்போது நம் சாப்பாட்டு மேசைதான் உன் அலுவலகம். தையல்காரம்மா தன் மகனுக்காக வந்து உட்கார்ந்திருந்தார். நீ மனுவில் 'காணாமல் போனார்' என்று எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினாய். "காணாமப் போறதுக்கு அவன் என்ன குடையாம்மா? நாலு பேர் வந்து கொண்டு போனாங்க. நான் வாசல்ல நின்னு பாத்தேன்" என்றார். நீ தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு பதினான்கு வருடம், எத்தனை நீதிமன்றம், எத்தனை நீதிபதி! சட்டத்தில் அப்படி ஒரு சொல்லே இல்லையே என்று ஒருவர் கேட்டதற்கு, அதனால்தான் ஐயா வந்திருக்கிறேன் என்றாய். அந்த வழக்கும் தள்ளுபடி ஆனது. வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு அடுத்த மனுவை எடுத்தாய். எழுநூறு மனுவுக்கு மேல் இருக்கும். ஒன்றிலாவது 'காணாமல்' உண்டா? அத்தனைக்கும் பிழை பார்த்தவன் நான், எனக்குத் தெரியாதா?

பிறகு ஆட்சி மாறியது. நீ எதிர்த்து வாதாடிய அதே நாற்காலிகளில் புது ஆட்கள் வந்து உட்கார்ந்து, நாட்டுக்காகப் பேச வாருங்கள் என்று உன்னையே கூப்பிட்டார்கள். உள்ளே போனால்தான் ஏதாவது நடக்கும் என்றாய். வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்காக மனு எழுத வருகிறவர்களுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை இங்கே விட்டுப் போனாய். மூன்று வருடமாகத் திறக்கிறேன். மணி அடித்தால், நீயாக இருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். இந்த வயதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று சிரிக்காதே. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது, அவ்வளவுதான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. அமைச்சகம் எழுதிக் கொடுத்ததை வாசித்தாய். அந்த ஒரு சொல்லை விழுங்கினால் அந்தப் பிள்ளைகளைத் தேட ஒரு விசாரணைக் குழு கிடைத்துவிடும் என்று நினைத்திருப்பாய். ஆனால் நீ பேசிய பதிவை நான் மூன்று முறை பார்த்தேன். அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய். மனசில்லாமல் எதையாவது சொல்லும்போதுதான் நீ அப்படிச் செய்வாய். என் சமையலைப் புகழும்போதெல்லாம் பார்த்திருக்கிறேனே.

இப்போது விஷயம் முற்றிவிட்டது. தூதர் அம்மா அப்படிச் சொல்லவில்லை, திருத்தம் போடுங்கள் என்று அமைச்சகத்திலிருந்து ஆசிரியருக்குப் போன். நான்தான் மாற்றினேன் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் அவர், "அவங்களையே கேளுய்யா. பிழைன்னா பிழைன்னு போட்டுடலாம். அச்சுல வந்ததுதான் என் சொல்லுன்னா, கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு, அதையும் போடறேன்" என்றார். பத்து நாள் தவணை. என் சீட்டு எப்படியும் கிழியும். அதை நினைத்து நீ முடிவெடுக்காதே.

கையெழுத்துப் போட்டால் உன்னைத் திருப்பி அழைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். குழு கைக்கு வரும் நேரத்தில் குட்டையைக் குழப்பிவிட்டேன் என்றும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். அந்தச் சொல்லை அடித்தபோது நான் தையல்காரம்மாவை நினைத்தேனா, இல்லை, நீ வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேனா? என்னை நானே நூறு தடவை குறுக்கு விசாரணை செய்துவிட்டேன். சாட்சி மழுப்புகிறான்.

தையல்காரம்மா அந்தச் செய்தியை வெட்டி, தையல் மெஷினுக்கு மேலே சுவரில் ஊசி குத்தி வைத்திருக்கிறார். "அம்மா நம்ம வார்த்தைய அங்க போய்ச் சொல்லிட்டாங்க, பாத்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

நீ பிழை என்று எழுதினால், அந்தத் திருத்தத்தை என் கடைசி வேலையாக நானே பிழை பார்ப்பேன். ஓர் எழுத்தையும் தொடமாட்டேன், சத்தியம். தையல்காரம்மாவிடமும் நானே போய்ச் சொல்கிறேன். இன்னொன்றை எழுதினால், முழங்கால் என்ன சொன்னாலும் சரி, கீழே இறங்கி வந்து உன் பெட்டியை வாங்கிக்கொள்வேன். எதுவானாலும் நீ என் வக்கீலம்மாதான்.

டாக்டரின் மகள் ஒரு வாரத்தில் திரும்புகிறாள், பதிலை அவளிடமே கொடு. வெளியே போகும்போது காதை மூடிக் கட்டிக்கொள். வேளாவேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு. உன்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றாமல் எழுது.

உன் வீட்டுக்காரன்