எனக்காக நின்ற கார்கள்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் மேல்தட்டுப் பயணப் பெட்டியை எடுக்க ஏணி ஏறியவள் பெட்டியோடு சேர்ந்து கீழே இறங்கினேன். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. நல்ல சரக்கு. எனக்குத்தான் கணுக்காலில் மாவுக்கட்டு, ஆறு வாரம் வீட்டோடு.

கடைச் சாவியை மகள் வாங்கிக்கொண்டாள். "ம்மா, சும்மா சும்மா கடைக்குப் போன் பண்ணாத. பண்ணா எடுக்க மாட்டேன்." பெற்ற பெண் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆக, பகல் முழுதும் வீட்டில் நானும் மாப்பிள்ளையும்தான். அவருக்கு முன்னறையில் கணினியில் வேலை. என்ன வேலை என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்கிறேன். அவரும் சொல்கிறார். இன்னும் புரிந்தபாடில்லை. நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்டாலும் "சரிங்க அத்தை"தான்.

"ஜன்னலைச் சாத்திடட்டுமா மாப்பிள்ளை?"

"சரிங்க அத்தை."

"இல்ல, காத்து வரட்டுமே?"

"அதுவும் சரிங்க அத்தை."

ஆறு வாரம்!

மார்ச் 4, புதன்

மாதிரிப் பெட்டி வந்துவிட்டது. கடை விற்பனையாளன் நெட்டை, குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி தூக்கிக்கொண்டு வந்தான். கத்திரிப்பூ நிறம். வெளிப்பக்கம் எங்கே கை வைத்தாலும் ஒரு பாக்கெட். டிக்கெட்டுக்கு ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, சார்ஜருக்கு ஒன்று, ஒன்றுமில்லாததற்கு இரண்டு. எல்லாம் நானே யோசித்து வரைந்து கொடுத்தது.

இத்தனை வருடமாக அடுத்தவன் பெயர் போட்ட பெட்டியைத்தான் விற்றிருக்கிறேன். அதற்கு முன்னால் நடைபாதையில் உட்கார்ந்து அடுத்தவன் பைக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தேன். என் கடைப் பெயர் தைத்து வருகிற முதல் பெட்டி இதுதான். தயாரிப்பாளர் மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறார். சரி என்று சொல்லிவிட்டால் துணி வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள், பிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது. கோடை முழுக்க கடையில் இந்தச் சரக்குதான் நிற்கும். ஓடாவிட்டால் நான் தெருவில் பழைய இடத்துக்கே போகவேண்டியதுதான்.

எல்லாரையும் கேட்டேன். நெட்டை: "சூப்பர்க்கா!" மகள்: "அழகா இருக்கும்மா." மாப்பிள்ளை: நான் சொல்லவும் வேண்டுமா?

மார்ச் 6, வெள்ளி

மாப்பிள்ளைக்கு ஒரு கேம் வந்திருக்கிறது. கார் பந்தயமாம். வருகிறது வருகிறது என்று மூன்று வருடம் காத்திருந்தாராம். ஒரு முழு ஊரையே உள்ளே கட்டிவைத்திருக்கிறார்களாம், எந்தத் தெருவில் வேண்டுமானாலும் ஓட்டலாமாம். இதற்காக லீவு வேறு போட்டிருக்கிறார். அவருக்கு இவ்வளவு பல் இருப்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

மார்ச் 7, சனி

மாப்பிள்ளை முகம் துக்க வீடு மாதிரி இருந்தது. என்ன மாப்பிள்ளை என்றேன். முதலில் "ஒண்ணுமில்ல அத்தை" என்றார். விடுவேனா? வியாபாரி வாயைக் கிளறினால் கல்லும் பேசும்.

"ஊரு ரொம்பப் பெருசு அத்தை. ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல. எங்க போனாலும் அதே ரோடு, அதே கட்டடம், அதே பந்தயம்." கண் கலங்காத குறை.

இந்த வாயிலிருந்து "நல்லா இல்லை" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்து இன்றைக்குத்தான் கேட்கிறேன். அதற்காகவே ஆர்வம் வந்துவிட்டது. இங்கே கொடுங்கள், நான் பார்க்கிறேன் என்று கன்ட்ரோலரை வாங்கினேன். இதற்குக் காலே தேவையில்லை, இரண்டு கட்டைவிரல் போதும் என்றதும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஓட்டினேன் என்று சொல்லக்கூடாது, இடித்தேன். சுவர், கம்பம், பாலம், ஒன்றையும் விடவில்லை. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடைத்தெருவுக்குள் போனேன் பார், ஐயோ, அத்தனை கடையும் சுவரில் வரைந்த படம்! ஒரு கதவு திறக்காது. வாங்குகிறவன் இல்லை, விற்கிறவன் இல்லை. இது என்ன ஊர்? நடைபாதையில் ஒருவன் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறான். கிட்டே போய் நிறுத்திப் பார்த்தேன். பெட்டி நகர்கிறது, சக்கரம் சுற்றவில்லை!

"மாப்பிள்ளை, இது டூப்ளிகேட் சரக்கு" என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். மகள் வந்து கதவில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். "மாத்திரை மாத்திக் குடுத்துட்டாங்களா?"

மார்ச் 9, திங்கள்

ஜெயித்துவிட்டேன்! எட்டுக் கார் ஓடின பந்தயத்தில் முதல் இடம். சத்தியமாக. கடைசி வளைவில் ஒரு சிவப்புக் காரை ஓரங்கட்டி, சர்ரென்று போனேன். வாணவேடிக்கையெல்லாம் காட்டினார்கள்.

கடைக்குப் போன் போட்டேன். நெட்டைதான் எடுத்தான்.

"நெட்டை, நான் ஜெயிச்சுட்டேன்டா!"

"என்னக்கா, கேஸா?"

"கார் பந்தயம்டா."

கடைக்குள் யாரையோ சத்தம் போடாதே என்று அதட்டினான். பிறகு மெதுவாக, "கால் வலி ரொம்ப இருக்காக்கா?" என்றான்.

மார்ச் 10, செவ்வாய்

இன்றும் முதல் இடம். எனக்கு இதில் கைராசி இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

ஒரு விஷயம் உறுத்துகிறது.

இன்றைக்குப் பந்தயத்தின் நடுவில் எதிரே ஒரு கடைப் படம் பையும் பெட்டியுமாக இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நன்றாகப் பார்த்தேன். சரி, தோற்றாகிவிட்டது என்று நினைத்து மெதுவாகப் போனால், இரண்டு வளைவு தாண்டி ஏழு காரும் ஊர்ந்துகொண்டிருந்தன. நான் கிட்டே போனதும் மறுபடி வேகம் பிடித்தன.

அடுத்த பந்தயத்தில் வேண்டுமென்றே சோதித்தேன். பாதியில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுக் காபி முழுதும் குடித்தேன். பிறகு ஓட்டினேன். மூன்றாம் இடம்! காபி குடித்தவளுக்கு மூன்றாம் இடமா?

"மாப்பிள்ளை, இவனுங்க எனக்காக நிக்கிறானுங்க."

அவர் நெளிந்தார். "ஆமா அத்தை. கேம் அப்படித்தான். பின்னாடி வர்றவங்களுக்கு மனசு ஒடஞ்சிடக்கூடாதுன்னு மத்த கார் வேகத்தைக் கொறச்சுடும்."

"இது மொதல்லயே தெரியுமா?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க அத்தை... எப்படிச் சொல்றது?"

சந்தையில் நான் முதலில் கற்ற பாடமே இதுதான்: கேட்ட விலைக்கு உடனே தலையாட்டுகிறான் என்றால் பைக்குள் எங்கோ ஓட்டை இருக்கிறது. இது தெரிந்தும் மூன்று நாள் வாணவேடிக்கை பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேனே, நான் எல்லாம் வியாபாரியா?

மார்ச் 13, வெள்ளி

காலையில் ரொட்டியைக் கடிக்கும்போது மனசுக்குள் சுருக்கென்றது. மூலையில் கத்திரிப்பூ நிறத்தில் மாதிரிப் பெட்டி.

சூப்பர்க்கா. அழகா இருக்கும்மா. சரிங்க அத்தை.

— எனக்காக நிற்கிற கார்கள் திரையில் மட்டும்தான் ஓடுகின்றனவா?

மார்ச் 14, சனி

மாப்பிள்ளையை உட்காரவைத்துக் கேட்டேன். இரண்டு பேர் ஆட முடியுமா? முடியுமாம், திரை இரண்டாகப் பிரியுமாம். அப்போது அந்த நின்று போகிற வேலையை நிறுத்திவைக்கலாமாம்.

"நிறுத்துங்க. நாம ரெண்டு பேரும் ஓட்டுவோம்."

"அத்தைகூடப் போய் நான் எப்படி..."

"விட்டுக்குடுத்தீங்கன்னு தெரிஞ்சுது, உங்க வேலை என்னன்னு தினமும் எனக்கு விளக்கணும். புரியற வரைக்கும்."

பயந்துவிட்டார். ஓட்டினார் பாருங்கள்! அவர் முடித்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வரும்போது நான் பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு அடி வாங்கி எத்தனை காலமாயிற்று! சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "இன்னொண்ணு" என்றேன். அதிலும் மண்ணைக் கவ்வினேன். பாதியில் அவர் கார் தானாகவே ரோட்டுக்குள் புதைந்துபோனது. அது கேமின் கோளாறாம். அப்போதும் அவர்தான் ஜெயித்தார்.

அந்தச் சூட்டோடு மாதிரிப் பெட்டியை இழுத்து நடுவில் போட்டேன். "இப்பச் சொல்லுங்க. ரோட்டுல என்னைய எப்படி அடிச்சீங்களோ, அப்படி."

பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நானா இருந்தா வாங்க மாட்டேன் அத்தை."

"ஏன்?"

"இதுவும் அந்தக் கேம் மாதிரிதான். வெளிய பார்த்தா பாக்கெட் பாக்கெட்டா பிரமாதமா இருக்கு. உள்ள ஒரு சட்டைக்கு இடமில்ல."

மார்ச் 15, ஞாயிறு

இவருக்கு என்ன தெரியும்? பெட்டி விற்றிருக்கிறாரா? ஒரு ஜிப் மாற்றியிருக்கிறாரா? உள்ளே இடமில்லையாம்! நேற்று வரைக்கும் ஜன்னலுக்கே அபிப்பிராயம் இல்லாத மனுஷன். கேட்டது நான்தான், சரி. கேட்டா இப்படியா போட்டு உடைக்கறது? ஒரு பேச்சுக்குக் கலர் நல்லா இருக்குன்னு ஆரம்பிக்கக் கூடாதா?

இன்று கேம் ஆடவில்லை. அவர் மூன்று தடவை காபி வேண்டுமா என்று கேட்டுவிட்டார். வேண்டாம் என்றேன். வேண்டியிருந்தது.

மார்ச் 16, திங்கள்

மகள் கடைக்குப் போனதும் பெட்டியைக் கட்டிலில் வைத்துத் திறந்தேன். நாலு நாள் ஊருக்குப் போகிறவள்போல அடுக்கினேன். இரண்டு புடவை, ஒரு துண்டு, ஒரு செருப்பு. அவ்வளவுதான். மூடி எழும்பி நிற்கிறது. மேலே உட்கார்ந்து பார்த்தேன், மாவுக்கட்டோடு. ம்ஹூம். ஒவ்வொரு பாக்கெட்டும் உள்பக்கம் ஒரு கவளம் தின்றிருக்கிறது. அடுத்தவன் பெட்டி என்றால் கடைக்குள் நுழைந்த நிமிடமே கண்டுபிடித்திருப்பேன். தன் குஞ்சு பொன் குஞ்சாகப் போய்விட்டது.

தயாரிப்பாளருக்குப் போன் செய்து வெட்ட வேண்டாம், புது வரைபடம் வரும் என்றேன். பிறகு முன்னறைப் பக்கம் திரும்பிக் கத்தினேன்:

"மாப்பிள்ளை! காபி!"

"சரிங்க அத்தை!"

இந்த ஒரு "சரிங்க" பரவாயில்லை.

மார்ச் 19, வியாழன்

நெட்டை கணக்குக் காட்ட வந்தான். இந்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டேன். "இதை ஒருத்தன் வாங்காம போகணும்னா என்ன காரணம்டா இருக்கும்?"

தலையைச் சொறிந்தான். "கலருக்கா. ஆரம்பத்துலேருந்தே எனக்குக் கண்ணக் குத்துது."

"அடப்பாவி! சூப்பர்னு நீதானேடா சொன்ன?"

"நீங்க பெட்டியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு 'எப்படி இருக்கு'ன்னு கேட்டா, நான் வேற என்னக்கா சொல்லுவேன்?"

நியாயம்தான்.

மார்ச் 24, செவ்வாய்

சமையலறை மேசையில் நானும் மாப்பிள்ளையும் புதுப் பெட்டியை வரைந்தோம். வெளியே இரண்டே பாக்கெட், மூன்றாவதுக்குப் பெரிய சண்டை. "இல்ல அத்தை, வேணாம்" என்றார். நான் பென்சிலைத் தூக்கிப் போட்டேன். அவர் எடுத்து என் கையிலேயே கொடுத்து மறுபடியும் "வேணாம்" என்றார்! மகள் வாயைத் திறந்தபடி பார்த்தாள். "இவரு உங்கிட்டயா இப்படிப் பேசறாரு?"

ஒவ்வொரு நாளும் ஆட்டம் உண்டு. தினமும் தோல்விதான். இப்போதெல்லாம் அவர் முகம் கழுவப் போவதில்லை. அந்த அளவுக்கு நெருங்கிவிட்டேன். கேமைத் திட்டுவதும் இருவருக்கும் பழகிவிட்டது. "அந்தக் கடை இன்னைக்காவது தெறந்திருக்கா அத்தை?" "எங்க! லீவு விட்டுட்டானுங்க." இவ்வளவு மட்டமான சரக்கில் இவ்வளவு சந்தோஷம் நான் கண்டதில்லை.

மார்ச் 30, திங்கள்

இரண்டாவது மாதிரி வந்தது. சாம்பல் நிறம். நாலு நாள் துணி வைத்தேன். ஒற்றை விரலில் மூடியது. தயாரிப்பாளருக்குச் சரி சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு மூடியை இன்னும் பத்துத் தடவை மூடிப் பார்த்தேன், அது வேறு.

ஏப்ரல் 15, புதன்

மாவுக்கட்டு பிரித்தாயிற்று. கால் முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. ஆனால் என் கால்.

ஏப்ரல் 18, சனி

முதல் லோடு வந்து இறங்கியது. காலையில் தடியூன்றிக் கடைக்குப் போய் என் கையாலேயே ஒன்றை வாசலில் வைத்தேன். உள்ளே வந்த முதல் பெண் ஒன்றும் கேட்கவில்லை. நேராகத் திறந்தாள், தன் பையிலிருந்த சால்வையை உள்ளே வைத்து மூடிப் பார்த்தாள், கடைக்கோடி வரை உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தாள். "இதுவே குடுங்க" என்றாள். போகும்போது கவனித்தேன், சக்கரம் சுற்றியது.

சாயங்காலம் வீட்டில் வழக்கம்போல மாப்பிள்ளையோடு உட்கார்ந்தேன். பாலம் வரை அவர் முன்னால். கடைசி வளைவில் உள்பக்கமாக நுழைந்தேன், லேசாக ஒரு இடி. லேசாகத்தான். என் கார் ஒரு மூக்கு முன்னால் போய்க் கோட்டைத் தொட்டது.

எனக்கு உடனே சந்தேகம். என் பெட்டி முதலில் விற்ற நாளாயிற்றே என்று விட்டுக்கொடுத்துவிட்டாரா? மெதுவாகத் திரும்பி முகத்தைப் பார்த்தேன்.

மனிதர் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்தார். "போங்க அத்தை! இது கள்ளாட்டம்! நீங்க இடிச்சீங்க! இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்று கத்திவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். மகள் ஓடிவந்து, "என்னம்மா ஆச்சு? ஏன் அவரு இப்படிக் கத்தறாரு?" என்றாள்.

சாப்பாட்டில் என் பக்கம் பார்க்கவே இல்லை. உப்பைக்கூட மகளிடம் சொல்லித்தான் என்னிடமிருந்து வாங்கினார். இன்னும் உர்ரென்றுதான் இருக்கிறார்.

அப்படியென்றால் அசல். ஜெயித்தது நான்தான்!