மேற்கே சூலம்

மல்லசமுத்திரம்,
விஷு வருஷம் ஆடி மாதம், திங்கட்கிழமை.

சிரஞ்சீவி சண்முகவேலுக்கு அப்பா காளியண்ணன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், காரி மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, கடலை முளைத்து நாலு இலை விட்டுவிட்டது, மழைதான் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உன் சுகத்துக்கு எழுது என்று கேட்க மாட்டேன். வக்கீலுக்குப் படி என்று சென்னப்பட்டணம் அனுப்பினால், யுத்தத்தில் ஏரோப்ளேன் ஓட்டப் போகிறேன், சம்மதம் கொடுங்கள் என்று எழுதுகிறவனுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும், கோளாறு மண்டையில் இருக்கிறது. நான் முடியாது என்று எழுதியதற்கு நீ பதிலாக ஒரு பொம்மை ஏரோப்ளேனை உன் சிநேகிதன் சுவாமிநாதனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாய். நாலு குச்சி, கொஞ்சம் காகிதம், வயிற்றுக்குள் ரப்பர் கயிறு, மூக்கில் ஒரு விசிறி. விசிறியைச் சுற்றி முறுக்கேற்றி விட்டால் தரையில் ஓடித் தானே எழும்புமாம், அதைப் பார்த்துவிட்டு நான் முடிவு சொல்ல வேண்டுமாம். ஆறு ஏர் பூட்டிப் பண்ணையம் பார்க்கிறவனுக்கு விளையாட்டுச் சாமான் காட்டிப் புத்தி சொல்ல ஒரு பிள்ளை வாய்த்திருக்கிறான். விழுந்தது, ஆகையால் போகாதே என்று ஒரே வரியில் எழுதிவிடலாம் என்றுதான் நேற்றுக் களத்தைக் கூட்டச் சொன்னேன்.

உன் மாமன் வீரபாகு கூப்பிடாமலே வந்து நின்றான். சேலத்தில் ஒரு தரம் ஏரோப்ளேன் மேலே போனதை அண்ணாந்து பார்த்தவன், அந்தப் படிப்பு போதாதா? காற்றுக்கு எதிராக விட வேண்டும் என்று நீ சீட்டில் எழுதியிருந்தாய். ஆடிக் காற்றோ மேற்கிலிருந்து அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது, கிழக்கே பார்த்துத்தான் விட வேண்டும் என்று மாமன் ஒற்றைக்காலில் நின்றான். காகிதத்துக்கும் குச்சிக்கும் என்ன சூலம்? ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. காக்கைகூடக் காற்றைப் பார்த்துத்தான் கிளம்பும் என்று தெரியாதவனா நான், எழும்பாமல் போனால் எனக்கு நல்லதுதானே என்று இருந்துவிட்டேன். முதல் தரம் காற்று வாலைத் தூக்கி, அது மூக்கைத் தரையில் குத்திக்கொண்டது. முன்பாரம் அதிகம் என்று மாமன் வாலில் ஒரு உருண்டை சாணியை அப்பினான். அடுத்த தரம் முழங்கால் உயரம் போய் மல்லாந்து விழுந்தது. வெட்கமே இல்லாமல் இன்னும் கொஞ்சம் சாணி கொண்டுவரச் சொன்னான் அந்த மேதை.

உன் அம்மா களத்தோரம் நின்றவள், அது விழும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிப் பதறினாள். எனக்கு உள்ளூரத் திருப்திதான். பார்த்துவிட்டாய் அல்லவா, வேண்டாம் என்று எழுதிவிடட்டுமா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "நீங்க வேண்டாம்னு எழுதுனாலும் அவன் போயிருவானுங்க. இது விழுகறதையே பாத்துட்டு நான் எப்படிங்க தூங்கறது? எந்திரிக்கறத ஒருக்கா காட்டிப்போடுங்க."

சாணியை வழித்தெறிந்துவிட்டு அதை மேற்கே திருப்பி வைத்தேன். சூலம் சூலம் என்று மாமன் கத்தினான். மேற்கே சூலத்துக்கு வெல்லம் பரிகாரம் என்று உன் அம்மா உள்ளே போய் வெல்லம் கொண்டுவந்து முதலில் அவன் வாயில்தான் போட்டாள், அவள் இத்தனை வருஷத்தில் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது. எனக்கும் ஒரு கட்டி. வெல்லத்தைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு, ஊருக்கு நியாயம் தீர்க்கிற நான் குந்தியிருந்து, முறுக்கேற்றிய விசிறியை விட்டேன். நாலு முழம் ஓடியது, சக்கரம் தரையை விட்டது, வேலிக்கு மேலே போய்ப் புளியமரத்தையும் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன், எதற்கு ஓடினேன் என்று கேட்காதே. முறுக்குத் தீர்ந்தபின் கடலைக்காட்டில் ஒரு செடிகூட ஒடியாமல் இறங்கியது. வெல்லம்தான் தூக்கியது என்று மாமன் இன்று கடைவீதி முழுக்கச் சொல்லித் திரிகிறான், கேட்கவும் ஆள் இருக்கிறது.

உன் அம்மா அது ஏறியதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் இப்படித்தான் மெதுவாக இறங்குமா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான் ராத்திரி சாப்பிட்டாள்.

உன் புத்தியைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. நீ செய்வது மடத்தனம், அதற்கு என் சம்மதம், வைத்துக்கொள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட ஓட்டலில் சாப்பிடாதே. சுவாமிநாதனிடம் ஒரு சிப்பம் வெல்லம் கொடுத்திருக்கிறது, எந்தத் திசையானாலும் ஏறுமுன் ஒரு கட்டி வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னாள் உன் அம்மா. உனக்கு ஆயுசும் நல்ல புத்தியும் உண்டாகட்டும். எனக்கு எது தெரியுமோ தெரியாதோ, உன் அம்மாவிடம் ஆமாம் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்யனாக்காமல் இறங்கி வா.

இப்படிக்கு,
உன் அப்பா,
காளியண்ணன்.