உடையாத தகடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை; ஆகவே, இருக்கிறோம் என்று எழுதுகிறேன்.

உன் கடிதமும், கூடவே காரின் வேகத்தைக் கூட்டும் நைட்ரஸ் வாயுப் பெட்டிகள் இரண்டின் விளம்பரத்தாள்களும் வந்தன. உன் காருக்கு முதன்முதலாகப் போடுவதற்கு எது நல்லது என்று அண்ணனைக் கேட்டிருந்தாய். கடிதத்தை நாலு தடவை படிக்கச் சொன்னார். படத்தில் குழாய் எந்தப் பக்கம் போகிறது, சிலிண்டர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தன் விரலைப் பிடித்து வைத்துக் காட்டச் சொன்னார். கண் போன இந்தப் பதினான்கு மாதத்தில் அவர் ஒரே நாளில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாண்டு பந்தயத்துக்குப் போறானாம் என்று தண்ணீர் கேன் போடுகிறவரிடம்கூடச் சொல்லியாகிவிட்டது.

அவர் சொல்லச் சொல்ல எழுதுவது இது. முதல் தடவை என்பதால் வாயுவை மட்டும் ஊதும் பெட்டி வேண்டாம். வாயுவோடு பெட்ரோலையும் சேர்த்து ஊதுவதை வாங்கு. நைட்ரஸ் தானாக எரியாது. பெட்ரோலை வெறி பிடித்த மாதிரி எரிய வைக்கும். அந்த நேரத்தில் பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டனில் ஓட்டை விழும். பெட்டியில், எவ்வளவு வாயு போக வேண்டும் என்று அளக்கும் துளை மூக்குகள், ஜெட் என்பார்கள், மூன்று ஜோடி இருக்கும். இருப்பதிலேயே சிறியதைப் போடு, மற்றவற்றை யாரிடமாவது கொடுத்துவை. உன் கையில் இருந்தால் ஒரு வாரம் தாங்காது என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, என்ஜின் மூவாயிரம் சுற்றைத் தாண்டிய பிறகே வாயு திறக்கும்படி சுவிட்ச் வைக்க வேண்டுமாம். ஸ்பார்க் பிளக்கையும் மாற்ற வேண்டுமாம், பழசையே போட்டு ஓட்டிவிடாதே.

சிலிண்டரைச் சூடாக்கும் மின்சாரப் போர்வை தனியாகத்தான் வருகிறது, அதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டிருந்தாய். அது வந்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும் என்று எழுது என்றார். ஏன் என்று எழுதச் சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டிவிட்டேன். சாப்பிட்டுத் தூங்குகிறார். இனி எழுதுவது அவருக்குத் தெரியாது. போனில் சொல்ல வழியில்லை. அடுத்த தெருவில் போகும் ஸ்கூட்டரில் எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லும் காது இப்போது அவருக்கு.

தம்பி, சமையல் அடுப்பு வெடித்தது என்று உன்னிடம் சொன்னது பொய். உன் பழைய நீலக் காரை நல்ல விலைக்கு விற்றுவிட்டோம் என்றதும் பொய். அது காயலான் கடைக்குப் போனது.

நீ விட்டுப்போன அந்தக் காரில்தான் அண்ணன் நைட்ரஸ் பொருத்திக்கொண்டிருந்தார். நீ விடுமுறையில் வரும்போது ஒன்றும் சொல்லாமல் சாவியை நீட்டி, உன் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. முதல் தடவை நிரப்பிய சிலிண்டரை வெயிலில் வைத்துவிட்டார். அழுத்தம் ஏறி, வால்வில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து, வாயு அத்தனையும் வீணாய்ப் போனது. அந்தத் தகடு கிழிய வேண்டும் என்பதற்காகவே காகிதம்போல் மெல்லிசாகச் செய்திருக்கிறார்கள். வேறு தகடு பார்சலில் வரப் பத்து நாள் ஆகும். பத்து நாள் பொறுக்க உன் அண்ணனுக்கு எங்கே முடியும்? நம்ம லேத்துலயே ஒண்ணு கடைஞ்சு குடேன் என்றார்.

நானும் கடைந்து கொடுத்தேன். கிழிந்ததைக் கையில் வைத்துப் பார்த்து, இது என்ன வேலை, நம் பட்டறைக்கு அவமானம் என்று சிரித்தேன். துருப்பிடிக்காத எஃகில், நாலு மடங்கு கனத்தில் செய்தேன். அளவு மயிரிழை பிசகவில்லை. இருபது வருடம் லேத்தில் நின்றவளின் திமிர் அது, வேறென்ன?

சிலிண்டரை மறுபடி நிரப்பி வந்த மறுநாள் காலை நல்ல குளிர். அழுத்தம் ஏறவில்லை. போர்வையும் அதே பார்சலில்தான் வரவேண்டும். ரெண்டே நிமிஷம் என்று சொல்லி, துருப்பிடித்த போல்ட்டைச் சூடாக்கும் கேஸ் டார்ச்சை எடுத்துச் சிலிண்டரில் காட்டினார். நான் லேத்தில் முதுகைக் காட்டி நின்றேன். மீட்டரைப் பார்த்து ஏறுது ஏறுது என்று அவர் சந்தோஷமாகச் சொன்னதுதான் என் காதில் விழுந்த கடைசிச் சத்தம். அதன்பிறகு இரண்டு நாள் எனக்குக் காது கேட்கவில்லை. சிலிண்டர் பக்கவாட்டில் பிளந்திருந்தது. அவர் கண்ணும் கையும் ஆன கதி உனக்குத் தெரியும். கூரையைப் பொத்துக்கொண்டு போய் விழுந்த வால்வைப் பிறகு தேடி எடுத்தேன். நான் செய்த தகடு அதில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

அவன் வண்டின்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் அதையே நினைச்சுச் சாவான், சொல்லாதே என்று உன் அண்ணன் ஆஸ்பத்திரியில் சத்தியம் வாங்கினார். எனக்கும் அது வசதியாகப் போனது. தகடு பற்றி யாரிடமும் வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை, அவரிடம்கூட. இன்று சத்தியத்தை மீறுகிறேன். நீ மனம் உடைந்தாலும் பரவாயில்லை, உடம்பு முழுதாக இரு.

மேலே அவர் சொல்லி எழுதியதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அன்றைக்கும் அவருக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பெட்டியும் வேண்டாம் தம்பி. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அந்தத் தகட்டை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ நீடூழி வாழ வேண்டும்,
உன் அண்ணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விழித்துக்கொண்டார். நானே ஒட்டுகிறேன் என்று கை நீட்டினார், மறுக்கத் தோன்றவில்லை. மிச்சமிருக்கும் விரல்களில் தகடு தட்டுப்பட்டது. வெளியே எடுத்து, விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். இவ்வளவு நல்லா செஞ்சிருக்க வேண்டாம் என்றார். என்னைத் திட்டவில்லை. எல்லாத்தையும் எழுதிட்டியா என்று கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். தகட்டை உள்ளே போட்டு அவரே ஒட்டப் போனார். நான்தான் இதை எழுத வாங்கி வைத்திருக்கிறேன். பந்தயத்தன்று காலையிலேயே போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரப்போகிறாராம். அன்று வீட்டிலிருந்தே பேசு, தம்பி.