நீலமாக மாறிய பவுடர்

செங், மலாக்கா
மே 1952

அன்புள்ள ஜானகிக்கு,

ஊரில் உன் மூட்டுவலி குறைந்திருக்க வேண்டுகிறேன். எதையும் விட்டுவிடாமல் இருக்க வரிசைப்படுத்துகிறேன்: 1. என் சுகம். 2. தோட்டத்து கேட் வாசலில் நடந்த வேடிக்கை. 3. எனக்கு வேண்டியது.

ஒன்று, சுகமே.

இரண்டு, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகியவைதான் உயிரணுவுக்கு ஆதாரம். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, இவை உள்ள எந்த உணவுப் பொருளையும் ரப்பர் தோட்டத்து வேலிக்கு வெளியே கொண்டுபோகக் கூடாதென்று சர்க்கார் உத்தரவு. நேற்று வேலிக்கு வெளியே பால்மரம் சீவும் ஒருவரின் புண்ணுக்குக் கட்டுப்போட, தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து மருந்துப் பவுடர் எடுத்துப் போனேன். கேட் காவலர் தம்புசாமி மறித்தார்.

"டிரெஸ்ஸர் ஐயா, இது மாவு லா!"

"மாவு இல்ல தம்புசாமி. மாவுன்னா அயோடின் பட்டதும் நீலமாகும், பாருங்க."

என் மருந்துப் பையிலிருந்த அயோடினை நானே ஒரு சொட்டு விட்டேன். பவுடர் கருநீலமானது. அதில் துத்தநாகத்தோடு மாவுச்சத்தும் கலப்பார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"உங்கள நீங்களே புடிச்சுக் குடுத்துட்டீங்களே லா!" என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறகு காவலர்கள், நான் வெளியே போய்வரும் பாஸை வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. குற்றமென்றால் சிறையாம்.

மூன்று, உன் பழைய சேலை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. சிறைத் தரை குளிருமாம்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார், திருத்தி எழுத நேரமில்லை. இரண்டாவதை வேடிக்கை என்று போட்டது தவறு, ஜானகி.

உன்,
வடிவேலு