நட்சத்திரம் இல்லாத கிறிஸ்துமஸ் அட்டை

மஸ்கட்

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று வாரம் ஆலோசித்து, நான் எடுத்த வானப் படத்தில் அந்த வாயு மேகத்தைக் கொஞ்சம் சிவப்பாகவே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். மற்றபடி சுகம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா?

சபையின் கிறிஸ்துமஸ் அட்டைக்கு என் படம் வரும் என்று, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியாக நீங்கள் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். படம் எடுக்கும் தொலைநோக்கி இருப்பது சிலி நாட்டு மலையில். ஏழு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, அவரவர் ஊரிலிருந்து கணினியில் இயக்குகிறோம். எனக்கு மாதத்தில் இரண்டு மணி நேரம். இம்முறை எனக்கு முந்தைய ஆள் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் போயிருந்தார். கேட்டதற்கு, வருந்துவதாக ஒரு வரி எழுதினார். நட்சத்திரம் ஒவ்வொன்றும் நடுவில் துளையோடு உளுந்தவடையாக விழுந்திருந்தது. எல்லாவற்றையும் மென்பொருளால் அழித்து, மேகத்தை மட்டும் மெருகேற்றி அனுப்பினேன்.

நேற்று சபைச் செயலாளர் செல்வதாஸ் மாமா போனில் கூப்பிட்டார்.

"படம் கொள்ளாம் மக்கா. நட்சத்திரம் எங்க?"

"எடுத்துட்டேன் மாமா. வடை மாதிரி இருந்தது."

"சாஸ்திரிமாரு எதப் பாத்து பாலன் இயேசுவத் தேடி பெத்லகேம் போவாவ? வடைய விட்டிருக்கலாமேடே."

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் குளச்சல் சபீர் பத்து நாளில் திரும்புவான். அவனிடம் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு அட்டையும் கொடுத்தனுப்புங்கள். அட்டையில் என் பெயரோடு இங்குள்ள முகவரியையும் எழுதுங்கள். கையில் வாங்கினாலும் தபாலில் வந்ததுபோல் இருக்கும்.

சபீர் கீழே ஹாரன் அடிக்கிறான்.

உங்கள் மகன்,
லிஜோ

பி.கு: மாமா இன்னொன்றும் சொன்னார். அட்டை அறுநூறும் அச்சாகிவிட்டனவாம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஜிகினா நட்சத்திரம் ஒட்ட வேண்டுமாம்.